இஞ்ச் டேப்பு அளக்காத நேரம்

தாராவியில் எந்தச் சந்து எத்தனை அங்குல அகலம் என்பது மாநகராட்சிக்குத் தெரியாது. மேலே இருந்து படம் எடுக்கிற செயற்கைக்கோளுக்கும் தெரியாது, அதன் கண்ணுக்குத் தகரக் கூரைதான் படும். கடவுளுக்குத் தெரியுமா என்பதுகூட எனக்குச் சந்தேகம்தான், ஏனென்றால் அவருடைய சப்பரமே அந்தச் சந்துகளுக்குள் நுழைய முடியாமல் மெயின் ரோட்டில் நின்றுவிடும். இஞ்ச் டேப்புக்குத் தெரியும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அரை அங்குலம் பிசகாமல் சொல்வான்.

அவனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லி விசாரித்தால் யாரும் வீட்டைக் காட்ட மாட்டார்கள். ரெடிமேட் சட்டை தைக்கிற கார்கானாவில் கட்டிங் மாஸ்டர். நான் பார்த்தபோது வயது இருபத்து மூன்று. கழுத்தில் மஞ்சள் நிற இஞ்ச் டேப் எந்நேரமும் தொங்கும். கல்யாண வீட்டுக்குப் போனாலும் தொங்கும், துஷ்டி வீட்டுக்குப் போனாலும் தொங்கும். குளிக்கும்போதும் தொங்கும் என்று கார்கானாக்காரர்கள் சொன்னார்கள். அதை நான் விசாரிக்கவில்லை.

சில வருடங்களுக்கு முன்னால், கட்டடக்கலைப் படிப்பின் கடைசி வருடத்தில், தலைக்கனத்தின் உச்சியில் நான் இருந்தபோதுதான் அவனைச் சந்தித்தேன். ஒரு அறக்கட்டளை போட்டி அறிவித்திருந்தது. புகை இல்லாமல், பெட்ரோலை வீணாக்காமல், எல்லோரும் இந்த நகரத்துக்குள் போய்வர இளைஞர்கள் வழி கண்டுபிடிக்க வேண்டும். மூன்று பேர் கொண்ட அணி. நானும் சலீமும் இரண்டு பேர். சலீம் மெக்கானிக்கல் படித்தவன், அவன் வாப்பாவுக்குத் தாராவியில் இரும்பு கிரில் செய்கிற பட்டறை. நாங்கள் பேட்டரியில் ஓடும் குட்டி வண்டி ஒன்றை வரைந்திருந்தோம். இரண்டு பக்கமும் மரம், மரத்தடியில் சிரித்துக்கொண்டே நடக்கும் மனிதர்கள். எங்கள் பேராசிரியர் படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, இந்த மரங்கள் தாராவியில் எந்த இடத்தில் நிற்கின்றன என்று கேட்டார். மறுநாளே நானும் சலீமும் லேசர் அளவுகோலை எடுத்துக்கொண்டு சந்துக்குள் போனோம்.

தாராவியில் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் செய்யலாம். சுவரை மட்டும் அளக்கக்கூடாது. அளக்கிறவன் பின்னால் இடிக்கிறவன் வருவான் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். சுவரில் சிவப்புப் புள்ளி விழுந்த மறு நிமிடம் பத்துப் பெண்கள் எங்களைச் சூழ்ந்துவிட்டார்கள். முன்னால் நின்றவர் மாரியக்கா. அந்தச் சந்துக்கு அவர்தான் கலெக்டர், போலீஸ், கோர்ட்டு எல்லாம்.

"எந்தக் கம்பெனிம்மா நீங்க?"

"காலேஜ் புராஜெக்ட், ஆன்ட்டி."

"எல்லாவனும் மொதல்ல காலேஜுன்னுதான் சொல்லுதான். பொறவுதான் நோட்டீஸ் வருது."

சலீம் தான் பட்டறை பாயின் மகன் என்று சொல்லிப் பார்த்தான். எடுபடவில்லை. அப்போதுதான் எதிர்க் கார்கானாவின் இரும்பு ஏணியிலிருந்து ஒருவன் இறங்கி வந்தான். எங்கள் கருவியை வாங்கிப் பார்த்தான். எவ்வளவு வந்தது என்று கேட்டான். முப்பத்தாறு அங்குலம் என்றேன். அவன் மாரியக்கா பக்கம் திரும்பினான்.

"விடுங்கக்கா. இவிய இடிக்க வந்தவிய இல்ல. அளக்கவே தெரியல, எங்கிட்டு இடிக்கப் போறாவ."

பெண்கள் சிரித்துக்கொண்டே கலைந்தார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். ஐந்து வருடம் படித்தவளுக்கு அளக்கத் தெரியாதா என்று கேட்டேன்.

"சுவத்துக்குச் சுவரு முப்பத்தாறு, பராபர். ஆனா நீங்க சுவத்துலயா நடக்கீய மேடம்?" என்றான் அவன். "சட்டைக்கு மாரு, இடுப்பு, தோளுன்னு தனித்தனியா எடுக்கோம்லா? கல்லிக்கும் அப்படித்தான். காலுகிட்ட ஒரு அளவு. இடுப்புகிட்ட ஒரு அளவு. தோளுகிட்ட ஒரு அளவு."

கல்லி என்றால் பம்பாய்ப் பாஷையில் சந்து, பராபர் என்றால் ரொம்பச் சரி. அவன் டேப்பைக் கழற்றி அளவெடுக்க ஆரம்பித்தான். காலடியில் வாசல்படி, சாக்கடை மூடிய கல், செருப்பு. இடுப்பு உயரத்தில் துவைக்கிற கல், கேஸ் சிலிண்டர், வெளிப்பக்கம் திறக்கிற கதவு. தோள் உயரத்தில் மீட்டர் பெட்டி, ஜன்னல் கம்பி, மாடிக்குப் போகும் ஏணி. என்னுடைய முப்பத்தாறு சந்தின் கோடிக்குப் போவதற்குள் இருபத்து மூன்றாகச் சுருங்கியது. அன்றைக்கே பழைய வரைபடங்களைக் கிழித்துப் போட்டேன் என்று எழுத ஆசைதான். கிழிக்கவில்லை, கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்தேன்.

மூன்றாவது ஆள் கிடைத்துவிட்டான். விண்ணப்பத்தில் கல்வித் தகுதி என்ற கட்டத்தில் என்ன எழுத என்று கேட்டேன். "ஆறு வருசம் சட்ட, ரெண்டு வருசம் பேண்ட்டு" என்றான். அதையே எழுதினேன். இரண்டாம் நாளே நான் அவனை 'நீ' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டேன். அவன் இன்றுவரை என்னை 'நீங்க' என்றுதான் சொல்கிறான். அப்போது அதை நான் நட்பு என்று நினைத்தேன். இப்போது யோசித்தால் வெட்கமாக இருக்கிறது.

அவன் வேலை செய்கிற முறை எங்கள் கல்லூரியில் இல்லாத முறை. கணினியைத் தொட மாட்டான். சட்டைக்குப் பேட்டர்ன் வெட்டுகிற பழுப்புக் காகிதத்தில் சந்தையே வெட்டினான். கால் அளவுக்கு ஒரு துண்டு, இடுப்பு அளவுக்கு ஒரு துண்டு, தோள் அளவுக்கு ஒரு துண்டு. மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் நடுவில் மிஞ்சுவதுதான் வண்டி போகும் வழி. மாட்டுங்காவில் எங்கள் வீட்டுக் கூடத்தில் அதை விரித்து வைத்திருந்தோம். அம்மா காபியோடு வந்து பார்த்தாள்.

"யாருக்குடி ரவிக்கை?"

"தாராவிக்கும்மா."

"நன்னாருக்கு போ" என்று சொல்லிவிட்டு, காகிதத்தை மிதிக்காமல் சுவரோரமாக நடந்து போனாள்.

அதோடு நின்றிருந்தால் தேவலை. திரும்பிப் போகும்போது எங்கள் கட்டடத்து லிஃப்டை அளந்துவிட்டான். உள்ளே நின்று குறுக்காக ஒரு முறை, மூலைக்கு மூலை ஒரு முறை. என் அப்பாதான் அந்த ஹவுசிங் சொசைட்டியின் செயலாளர். பெருமையாக, "புது லிஃப்ட், ஆறு பேர் போலாம்" என்றார்.

"ஆறு பேரு நின்னுட்டுப் போலாம் சார். ஒருத்தரு படுத்துட்டுப் போக முடியாது. ஸ்ட்ரெச்சர் நுழையாது. நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா பாடிய நிக்க வச்சுத்தான் எறக்கணும்."

லிஃப்டில் கூட நின்ற எழுபது வயது அண்டை வீட்டு மாமா ஒருவர் மூன்றாம் மாடியிலேயே இறங்கி மீதி தூரம் படியில் நடந்தார். அந்த மாத சொசைட்டிக் கூட்டத்தில் வேறு எதுவும் பேசப்படவில்லை. அப்பா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. "நல்ல பிள்ளைதான்" என்றாள் அம்மா. "ஆனா ஆத்துல எதையும் அளக்க விடாதே. நாம ஏதோ தெரியாம நிம்மதியா இருந்துண்டிருக்கோம்."

இன்னொரு நாள் ஆண்டாப் ஹில் பக்கம் போகிற பேருந்தில் ஏறினோம். ஏறியவன் படியிலேயே முழங்கால் போட்டு உட்கார்ந்துவிட்டான். ஏதோ கீழே விழுந்துவிட்டது என்று நினைத்துப் பக்கத்தில் இருந்த அம்மாள் குனிந்து தேடினார். அவரைப் பார்த்து இன்னும் நாலு பேர் குனிந்தார்கள். கண்டக்டர் டார்ச் அடித்துச் சீட்டுக்கு அடியில் பார்த்தார். பாதிப் பேருந்து காணாமல் போகாத ஒரு பொருளைத் தேடிக்கொண்டிருந்தது. கடைசியில் இஞ்ச் டேப்பு எழுந்து, சுருக்கமாக, "பதினாறு இஞ்சு. அக்காவால ஏற முடியாது" என்றான்.

எந்த அக்கா என்று கேட்டேன். அவன் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு முன்னால் நகர்ந்துவிட்டான். பதில் சலீமுக்குத் தெரிந்திருந்தது. இஞ்ச் டேப்புடைய அளவு நோட்டை ஒருநாள் புரட்டிப் பார்த்திருக்கிறான். ஏழெட்டுச் சந்துகளின் அளவுகள், பக்கம் பக்கமாக. எல்லாமே ஒரே வீட்டு வாசலில் தொடங்கி மெயின் ரோட்டில் முடிந்தன. ஒரே வீட்டுக்கு எத்தனை வழி உண்டோ அத்தனையையும் அவன் அளந்து வைத்திருந்தான்.

அது பேச்சியக்காவின் வீடு. பத்துக்குப் பத்து அறை, கார்கானாவுக்கு எதிரில். அக்காவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் டயாலிசிஸ். கால் எலும்பில் வலி, உடைந்த கற்களில் ஊன்றி நடக்க முடியாது. வீட்டுக்காரர் பேக்கரியில் வேலை, விடிவதற்கு முன் போய்விடுவார். ஆகவே நான்கு ஆண்கள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து மெயின் ரோடு வரை மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு போவார்கள். அந்த நான்கு பேரில் ஒருவன் இஞ்ச் டேப்பு. ஒரு வெள்ளிக்கிழமை அவசர ஆர்டர் என்று கார்கானாவிலிருந்து அவனால் இறங்க முடியவில்லை. ஆள் குறைந்ததால் அக்கா அன்றைக்குப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை மூச்சு முட்டி, பிழைத்து வந்தது பெரிய விஷயம்.

"ஒரு நா வரலைங்கதுக்காக கல்லி பூரா அளந்துட்டுத் திரியுதான் கோட்டிக்காரப் பய" என்று சிரித்தார் அக்கா. "நானும் ஒன்னும் நெனைக்கலன்னு நூறு வாட்டி சொல்லிட்டேன். கேட்டாத்தான."

உங்களையும் அளந்திருப்பானே என்றேன்.

"விடல. காலைல ஒரு அளவு, சாயங்காலம் ஒரு அளவுன்னு வீங்குதேன். எதைன்னு எழுதுவான்?"

இஞ்ச் டேப்பு வாசல்படியில் எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தான். திரும்பாமலே சொன்னான். "மேடம், மொத வண்டி அக்காவுக்கு. ஒராள் தள்ளுனாப் போதும், அப்படி இருக்கணும். யாரு வந்தா என்ன, வராட்டா என்ன, அக்கா போவணும். போட்டி கீட்டியெல்லாம் பொறவு." அதுவரை நாங்கள் பரிசுக்காக வேலை செய்துகொண்டிருந்தோம். அன்றைக்குப் பிறகு எனக்குப் பரிசு கொஞ்சம் மங்கியது. முழுக்க மறைந்தது என்று சொன்னால் அது பொய்.

சலீமுடைய வாப்பா பட்டறையில் வண்டி உருவாயிற்று. முன்னால் இரண்டு சின்னச் சக்கரம், பின்னால் இரண்டு பெரிய சக்கரம், சைக்கிள் பிரேக், மேட்டில் தள்ள உதவியாக ஒரு சின்ன பேட்டரி மோட்டார். வண்டி அகலம் இருபது. மீதி மூன்று அங்குலத்தை இரண்டு பக்கமும் ஒன்றரை ஒன்றரையாக 'லூஸ்' விட்டான் இஞ்ச் டேப்பு. சட்டைக்கு லூஸ் விடாதவன் மாஸ்டரே இல்லை என்பது அவன் கொள்கை. சீட்டுத் துணியை அவனே வெட்டி அவனே தைத்தான். மத்தியானங்களில் என்னை உட்கார வைத்து ஓட்டிப் பார்த்தார்கள். பிறகு என்னைவிடக் கனமான சலீமை. எங்கும் இடிக்கவில்லை. மூலையில் திரும்பும்போதுகூட ஒரு கதவிலும் உரசவில்லை.

அந்த வாரம் பார்த்து ஆஸ்பத்திரியில் அக்காவின் நேரத்தை மாற்றினார்கள். மத்தியானப் படுக்கை போய், காலை ஏழு மணிக்கு முதல் படுக்கை. தாமதமானால் காத்திருக்கிற அடுத்தவருக்குப் போய்விடும். நாற்காலி தூக்குகிற மற்ற மூன்று பேரும் அதற்குள் வேலைக்குப் போய்விடுவார்கள். இனி வண்டி ஒன்றுதான் வழி.

பேச்சியக்கா ஒரு வார்த்தை சொன்னார். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "ஆறு மணி தண்ணி நேரமாச்சேப்பா."

"இருவத்து மூணு இருக்குக்கா, பயப்படாதீய" என்றான் இஞ்ச் டேப்பு. நானும் பக்கத்தில்தான் இருந்தேன். அக்கா சொன்னது என் காதில் விழுந்தது, தலைக்குள் போகவில்லை. நான் வேறு கணக்கில் இருந்தேன். உண்மையான நோயாளி, உண்மையான பயணம், இதைவிட நல்ல செயல்விளக்கம் கிடைக்காது என்று போட்டி நடுவர்களை அதே செவ்வாய்க்கிழமை காலைக்கு வரச் சொல்லிவிட்டேன்.

ஆறு மணிக்கு அந்தச் சந்தில் தண்ணீர் வரும். அரை மணி நேரம் வரும், பிறகு நின்றுவிடும். இது அங்கே வாழ்க்கைப்பட்டு வந்த எல்லாப் பெண்களுக்கும் தெரியும். எங்கள் மூவருக்கும் உறைக்கவில்லை. எங்கள் மாட்டுங்கா வீட்டில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும். சலீம் தன் உம்மாவும் அக்காவும் பிடித்து வைத்த தண்ணீரில் எட்டு மணிக்கு முகம் கழுவுகிறவன். இஞ்ச் டேப்பு கார்கானா மாடியில் படுத்தால் ஒன்பதரைக்கு முன் எழுந்ததாகச் சரித்திரம் இல்லை. அந்தச் சந்தை அவன் மத்தியானம் அளந்திருக்கிறான், சாயங்காலம் அளந்திருக்கிறான், மழையில் குடை பிடித்துக்கொண்டுகூட அளந்திருக்கிறான். காலை ஆறு மணியை மட்டும் அவன் பார்த்ததே இல்லை.

அக்காவை உட்கார வைத்து, பெல்ட் போட்டு, ஆறே காலுக்குத் தள்ளினோம். நாற்பதடி போனது, மூலை திரும்பியதும் நின்றது. இரண்டு பக்கமும் வாசலுக்கு வாசல் நீல டிரம். டிரம்முக்குள் ரப்பர் குழாய், குழாய்க்குப் பின்னால் மோட்டார், நடுவில் குடத்தோடு பெண்கள். பின்னால் திரும்பிப் பார்த்தேன். நாங்கள் கடந்து வந்த வாசல்களிலும் டிரம்மை எடுத்து வைத்துவிட்டார்கள். முன்னாலும் போக முடியாது, பின்னாலும் போக முடியாது.

இஞ்ச் டேப்பு குனிந்து இடைவெளியை அளந்தான். பதினாலு. நிமிர்ந்தான். மறுபடி குனிந்து அளந்தான். பதினாலு. மூன்றாவது தடவையும் குனிந்தான்.

"நீ எத்தனை வாட்டி அளந்தாலும் அது பதினாலுதாம்ல" என்றார் பேச்சியக்கா மெதுவாக. அவருக்கு மூச்சு இரைக்க ஆரம்பித்திருந்தது.

டிரம்மை நகர்த்தச் சொல்லலாம். ஆனால் முக்கால்வாசி நிறைந்த டிரம்மை யாரால் தூக்கி வாசல்படி ஏற்ற முடியும்? மாரியக்கா தன் டிரம் பக்கத்தில் இடுப்பில் கை வைத்து நின்றார்.

"கல்லிய இம்புட்டு அளந்தியே. ஒரு நாளாவது எங்க யாருகிட்டயாவது வந்து, எப்பம் தண்ணி வரும், எங்க டிரம் வைப்பியன்னு கேட்டியா?"

அவன் டேப்பைத் திரும்பக் கழுத்தில் போடாமல் சுருட்டிப் பாக்கெட்டில் போட்டான். வெறும் கழுத்தோடு அவனை நான் பார்த்தது அன்றைக்குத்தான். இரண்டு கையையும் கூப்பினான்.

"கேக்கலக்கா. தப்புதான். இப்பம் கேக்கேன். ஏழு மணிக்கு இவிய அங்க இருக்கணும்."

மாரியக்கா அவனைப் பார்க்கவில்லை. பேச்சியக்காவின் வீங்கிய முகத்தைப் பார்த்தார். பிறகு குழாயை வெளியே எடுத்தார், டிரம்மின் விளிம்பைப் பிடித்துச் சாய்த்தார். அஞ்சு மணியிலிருந்து காத்திருந்து பிடித்த தண்ணீர் முழுவதும் சந்தில் ஓடியது. காலி டிரம்மைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டு அடுத்த வீட்டைப் பார்த்தார். அடுத்த வீட்டுப் பெண் ஒன்றும் கேட்காமல் தன் டிரம்மைச் சாய்த்தாள். அதற்கடுத்த வீடு. அதற்கடுத்த வீடு. பதினோரு டிரம். வண்டி கடந்து முடிவதற்குள் தண்ணீரும் நின்றிருக்கும், அன்றைக்கு அந்தப் பதினோரு வீட்டிலும் சமையலுக்கும் குளிப்பதற்கும் இருந்த தண்ணீர் அவ்வளவுதான்.

"எனக்காகக் கொட்டாதீங்கம்மா" என்று பேச்சியக்கா அழுதார்.

"கொட்டியாச்சு. நீ போ" என்றார் மாரியக்கா.

கணுக்கால் நனைய இஞ்ச் டேப்பு வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடினான். மெயின் ரோட்டில் டாக்சியில் அக்காவைத் தூக்கி வைத்துக்கொண்டு அவனும் சலீமும் போனார்கள். நான் நடுவர்களோடு நின்றேன். சந்து வாயிலில் ஷூ நனையாமல் ஒதுங்கி நின்றிருந்த அவர்களிடம் பேட்டரியைப் பற்றி ஏதோ விளக்கினேன். அவர்களில் ஒருவர், இதை நகரம் முழுவதற்கும் எப்படி விரிவாக்குவீர்கள் என்று கேட்டார். நான் கையிலிருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழு மணிக்கு மேல் சலீம் போன் செய்தான். "பெட் கெடச்சிருச்சு. நர்ஸம்மா திட்டுனாங்க, ஆனா ஏத்திட்டாங்க." போனைக் காதில் வைத்தபடி ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டேன். நடுவர்கள் எப்போது போனார்கள் என்று தெரியாது.

பரிசு எங்களுக்குக் கிடைக்கவில்லை. பேருந்து எவ்வளவு நேரம் கழித்து வரும் என்று சொல்கிற செயலி ஒன்றுக்குக் கிடைத்தது. பேருந்து வரவில்லை என்பதை அது மிக அழகான நிறங்களில் சொல்லும்.

எனக்குப் பரீட்சை வந்தது. அதைவிட முக்கியமாக வெட்கம் வந்தது. மாரியக்கா முகத்தில் விழிக்கத் தைரியம் இல்லாமல் ஒரு மாதம் அந்தப் பக்கம் போகவில்லை. இஞ்ச் டேப்பு ஒரு நாள்கூட ஒளியவில்லை. மறுநாள் புதன்கிழமை காலை ஐந்து மணிக்குக் குடத்தோடு தண்ணீர் வரிசையில் நின்றான். அந்தச் சந்தின் தண்ணீர் வரிசையில் நின்ற முதல் ஆண்பிள்ளை அவன்தான்.

"என்னலே இங்கன?" என்று மாரியக்கா கேட்டாராம்.

"பதினொரு டிரம் கொட்ட வச்சேன்லா. திருப்பி ரொப்பணும்."

கேலிக்குக் குறைவில்லை. நம்ம கல்லிக்கு மருமவ வந்துட்டா என்றார்கள். குடத்தை இடுப்பில் வைக்கத் தெரியவில்லை என்று சிரித்தார்கள். இடுப்பில் வைத்துக் காட்டச் சொல்லி வேடிக்கை பார்த்தார்கள். அவன் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு தினமும் நின்றான். பதினோரு டிரம்மும் நிறைந்த பிறகும் நின்றான். யார் வீட்டில் மோட்டார் முந்தி இழுக்கிறது, யார் வீட்டில் கைக்குழந்தை இருப்பதால் முதல் குடம் கொடுக்க வேண்டும், யாருடைய டிரம் எந்தப் பக்கம் என்று எல்லாம் அங்கே நின்றுதான் அவனுக்குத் தெரிந்தது.

ஒரு மாதம் கழித்து நான் போனபோது கார்கானா சுவரில் புதிதாக ஒரு பழுப்புக் காகிதம் ஒட்டியிருந்தது. அதே சந்து, ஆனால் காலை ஐந்து மணிக்கு, ஆறு மணிக்கு, ஏழு மணிக்கு என்று தனித்தனியாக வெட்டியது. செவ்வாயும் வெள்ளியும் எல்லா டிரம்மும் இடது பக்கம் மட்டும். வலது பக்கத்து வீடுகளின் குழாய் தலைக்கு மேலே கொக்கிகளில் மாட்டி எதிர்ப்பக்கம் போகும். கீழே தரை காலி. "யாரு யோசன?" என்றேன். "மாரியக்கா சொன்னாவ. நான் கொக்கிதான் மாட்டுனேன்" என்றான். அது உண்மை. ஆனால் எல்லாப் பெண்களிடமும் ஒவ்வொருவராகப் போய்க் கேட்டு, நாலு முறை சண்டை வந்து, நாலு முறையும் சமாதானம் பண்ணியது அவன்.

இப்போது அந்தச் சந்தைப் பார்த்துப் பக்கத்துச் சந்துகளும் கேட்டு, மூன்று வண்டிகள் ஓடுகின்றன. பிரசவ வலி எடுத்தவர்கள் போகிறார்கள். மாவுக்கட்டுப் போட்டவர்கள் போகிறார்கள். எனக்குச் செம்பூரில் ஒரு போக்குவரத்துத் திட்ட அலுவலகத்தில் வேலை. யாராவது ஒரு தெருவின் அகலத்தைச் சொன்னால், எத்தனை மணிக்கு எடுத்த அளவு என்று கேட்டுவிடுகிறேன். மேலதிகாரிக்கு அது பிடிப்பதில்லை. போன மாதம் இஞ்ச் டேப்பைப் பார்த்தபோது இதைச் சொன்னேன். "நல்லாத்தான கேக்கீய" என்றான். அவ்வளவுதான் பேச்சு. அவன் எனக்குக் கற்றுக் கொடுத்ததெல்லாம் எவ்வளவு பெரியது, அவனை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்றெல்லாம் நேரில் சொல்ல என் வாய்க்கு வரவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. அவன் பிறந்து வளர்ந்தது இங்கே, படித்தது ஹிந்தி பள்ளிக்கூடத்தில். தமிழ் அவனுக்குப் பேச மட்டும்தான் வரும். பேச்சியக்கா, நீங்கள் வள்ளியூர்ப் பக்கம் பத்தாவது வரை படித்தவர். டயாலிசிஸ் படுக்கையில் கிடக்கிற நாலு மணி நேரமும் இந்தப் பத்திரிகையை அட்டை முதல் அட்டை வரை படிப்பீர்கள் என்று சலீம் சொன்னான். இன்றைக்கும் உங்களைக் கொண்டு வந்து விட்டுவிட்டு அவன் பக்கத்தில் ஸ்டூலில்தான் உட்கார்ந்திருப்பான். எனக்காக இதை முதலிலிருந்து அவனுக்குக் கொஞ்சம் சத்தமாகப் படித்துவிடுங்கள். படிக்கும்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டாம் அக்கா, கூச்சப்படுவான்.